மூன்றாவது பொத்தான்

"தோ பாரு, மறுபடியும் பொட்டி பொட்டியா வருது. எழுத்தக் காணோம்" என்று கைபேசியைத் திட்டிக்கொண்டே கோப்புகளைத் திறந்து மூடுகிறான் கலையரசன். செங்கம் சாலையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலத்தில் விழுந்து உடைந்த போன்களோடு ஆட்கள் நிற்பார்கள். இவனோ ஏதாவது ஜப்பானியக் கதை விளையாட்டின் ஆங்கிலப் பதிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். படமும் வசனமுமாக நகரும் கதை அது. நடுநடுவே இரண்டு பொத்தான்கள் வரும். அழுத்துகிற வழியில் கதை போகும். கம்ப்யூட்டருக்காகச் செய்ததை, போனைக் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டரில் ஏற்றி, முரண்டு பிடிக்கிற இடங்களில் ஒட்டுப்போட்டு, போனில் ஓடவைப்பான்.

எல்லாம் தங்கை அருணாதேவிக்காக. டயாலிசிஸ் படுக்கையில் ஊசி ஏற்றிய கையை அசைக்க முடியாது. மிச்சமிருக்கும் கைக்குப் போன்தான் தோது.

ஆனால் ஒரு பிடிவாதம். "ஓட வெக்கறதோட என் வேல முடிஞ்சிச்சு. கதையில கை வெக்க மாட்டேன். எழுதனவன் எழுதனதுதான்." கடைக்கு வாடிக்கையாகப் போகிற எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகவே பட்டது.

போன மாதம் கொடுத்த கதையில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண் ஒருத்தி.

"ண்ணா, எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பொண்ணு செத்துடுது. மாத்திக் குடேன்" என்றாள் தங்கை. மாட்டேன் என்றான்.

"அப்ப நான் மட்டும் எதுக்குப் போய் படுக்கணும்?"

அடுத்த டயாலிசிஸுக்கு அவள் போகவில்லை. முகம் வீங்கி மூச்சு வாங்கியது. அம்மா அழுதும் அசையவில்லை.

நேற்று என் போனைப் பிரித்துப் போட்டபடியே கடையைச் சாத்தினான். போன் கைக்கு வராமல் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நானும் அவன் ஏறிய ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். "மாத்திட்டேன். ஆனா ஆஸ்பத்திரில வந்துதான் பாக்கணும்" என்று சொல்லித் தங்கையைக் கிளப்பியிருந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவள் கதையைத் திறந்தாள். கடைசிக் காட்சியில் ஆங்கிலத்தில் இரண்டு பொத்தான்கள். அவற்றுக்குக் கீழே கோணலாக மூன்றாவது: 'வீட்டுக்குப் போலாம்'. அந்த விளையாட்டில் தமிழ் எழுத்து வராது. பேனாவால் தாளில் எழுதி, படம் பிடித்து ஒட்டியிருந்தான்.

"இத அமுக்குனா என்னா ஆவும்?"

"இன்னும் எழுதல. அடுத்த வாட்டி இங்க வர்றப்ப இருக்கும்."

அருணாதேவி போனை மடியில் கவிழ்த்துவிட்டு, காத்திருந்த நர்ஸ் பக்கம் கையை நீட்டினாள்.