சிமெண்ட் பிரித்தால் வெளியே போகிறவர்கள்

வில்லியனூர் கொம்யூனில் சிமெண்ட் கலக்கிறவர்கள் இரண்டு வகை. வெயிலில் நின்று மணலும் தண்ணீரும் விட்டு மண்வெட்டியால் கலக்கிறவர்கள் ஒரு வகை. ஜெயசித்ரா இன்னொரு வகை. அவள் ஏசியில் நின்று, கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கலக்குவாள். அது வீட்டுக்குப் போகாது, முட்டிக்குப் போகும். தேய்ந்துபோன முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைக்கும்போது, எலும்பையும் உலோகத்தையும் ஒட்டவைக்கிற சிமெண்ட் அது. எலும்பாஸ்பத்திரி என்று ஊரார் சொல்கிற அந்த மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குக் கொத்தனார் சிஸ்டர் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அந்த அளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் சிமெண்ட்டுக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு பாக்கெட் பவுடர், ஒரு கண்ணாடிக் குப்பித் திரவம். குப்பியை உடைத்துப் பவுடரில் ஊற்றியதும் ஒரு நாற்றம் கிளம்பும். நகப்பூச்சு, பல்செட் கட்டுகிற கடை, எரிந்த வயர் இந்த மூன்றையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலையெல்லாம் சாத்தினால் எப்படியிருக்குமோ, அப்படி. கண் எரியும், தொண்டை கரகரக்கும், பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். கையுறையைக்கூட அந்தத் திரவம் மதிக்காது, ஊடுருவிப் போய்விடும். ஆகவே இரட்டைக் கையுறை.

தியேட்டர் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. சிமெண்ட் பிரிக்கும்போது கர்ப்பிணிகளும், கண்ணில் லென்ஸ் போட்டவர்களும் வெளியே போய்விட வேண்டும். அந்த மருத்துவமனையில் கை கழுவுவது முதல் செருப்பு மாற்றுவது வரை எத்தனையோ விதிகள் உண்டு. அவற்றில் ஒருவர் பாக்கியில்லாமல் கடைப்பிடித்தது இந்த ஒன்றைத்தான். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. யார் மாசமாக இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. குப்பி உடையும்போது கதவைப் பார்த்தால் போதும்.

ஒருமுறை சுவேதா என்ற சின்ன சிஸ்டர் தும்முவதற்காக வெளியே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் கேன்டீனில் அவள் வாங்கித் தரவேண்டிய பால்கோவா பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது. கல்யாணம் ஆகாத பெண் என்பதால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அவள் தும்மியது தும்மல்தான் என்று தலைமை டாக்டர் தெய்வநாயகம் கேன்டீனுக்கே வந்து அறிவிக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஜெயசித்ரா மாசமானாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து. போன தடவை நாள் தள்ளியபோது, சந்தோஷத்தில் தெருவுக்கே சொன்னார்கள். இரண்டாம் மாசம் தாண்டவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று மாமியார் தையலம்மாள் தீர்மானித்தாள். அந்த நாற்றமாக இருக்குமோ என்று ஜெயசித்ராவுக்கு ஒரு சந்தேகம். அப்போது குப்பியை உடைத்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாததால் இரண்டையும் நம்பவேண்டியதாயிற்று.

செல்லிப்பட்டு வீட்டில் இந்த முறை தையலம்மாள் போட்ட உத்தரவு கறாரானது. "கோகிலாம்பா சந்நிதியில வேண்டிக்கினு வந்துட்டேன். மூணு மாசம் முடியிற வரைக்கும் காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது. உன் புருஷன்கிட்டயே நான் மெதுவாத்தான் பேசுறேன்."

"ஆஸ்பத்திரியில மட்டும் சொல்லிடட்டா அத்த? அங்க அந்தச் சிமெண்ட்டு..."

"ஆஸ்பத்திரிதான்டி மொத எதிரி. ஒரு நாளைக்கு எத்தினி கண்ணு வந்து போவுது அங்க!"

சொன்னால் கண். சொல்லாவிட்டால் நாற்றம். சொல்லாமல் வெளியே போனாலோ, அதுவே சொன்ன மாதிரி.

புதன்கிழமைக்கான ஆபரேஷன் லிஸ்ட் வந்தது. காசம்மாள், செல்லிப்பட்டு, இரண்டு முட்டியும். காசம்மாள் தையலம்மாளுக்குப் பக்கத்துத் தெரு. காசம்மாள் காதில் விழுந்தது மண்ணாடிப்பட்டு கொம்யூனின் அத்தனை ஊரிலும் விழுந்ததாகக் கணக்கு.

விதியில் இன்னொரு வாசல் இருப்பது ஜெயசித்ராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் டீ நேரத்தில், பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டாள்.

"நாளைக்கு சிமெண்ட் தணிகைவேலு கலக்கட்டும் டாக்டர். நான் லென்ஸ் போட்டிருக்கேன்."

தியேட்டர் டெக்னீஷியன் தணிகைவேல் டீயை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "லென்ஸா? ரோட்டுக்கு அந்தாண்ட போற பஸ் போர்ட இங்கருந்தே படிப்பியேக்கா."

"இப்பதான் மங்குது."

டாக்டர் தெய்வநாயகம் எதையும் சோதிக்காமல் நம்புகிறவர் அல்ல. ஒரு சிமெண்ட் பாக்கெட்டை நீட்டினார். "காலாவதித் தேதி படிங்க." எறும்பு எழுதியது போன்ற எழுத்து. பழக்கதோஷத்தில் ஜெயசித்ரா மளமளவென்று படித்துவிட்டாள். "லென்ஸ் நல்லாத்தான் வேலை செய்யுது. இப்ப கழட்டிட்டு வந்து படிங்க. தையல் முடிஞ்சு ஊசி எண்றவங்களுக்குப் பார்வை எப்படின்னு எனக்குத் தெரியணும்."

ஜெயசித்ரா போய்ப் பாத்ரூமில் சற்று நின்றுவிட்டு வந்தாள். படிக்க முடியவில்லை என்றால் வேலை போகும். படித்தாள்.

"லென்ஸ் இல்லாமலே நல்லாத் தெரியுதே! இனிமே போடாதீங்க. காசுக்குப் பிடிச்ச கேடு" என்று டாக்டர் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

"நீயாவது கலக்கேன்டா" என்று தணிகைவேலிடம் கெஞ்சினாள்.

"எனக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்கக்கா. அந்த நாத்தம் ஆம்பளைக்கும் ஆவாதுன்னு எவனோ வீடியோ போட்டிருக்கான்."

ஆக மிச்சமிருந்தது மெஷின்.

மெஷின் என்பது டிபன் கேரியர் அளவில் ஒரு நீலப் பம்பு. அதனுடன் ஒரு குழாயைப் பொருத்தி, பவுடரையும் திரவத்தையும் உள்ளே விட்டு மூடிக் கலக்கினால், உள்ளே இருக்கிற காற்றைப் பம்பு உறிஞ்சி, கரி வடிகட்டி வழியாக வெளியே விடும். சிமெண்ட்டிலும் குமிழி இருக்காது, நாற்றமும் வெளியே வராது. கலக்கிற குழாய் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. இத்தனை நல்ல சாமான் என்பதால்தான் அதை யாரும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். வாங்கிய புதிதில் கண்காட்சிக்கு இரண்டு தடவை ஓடியது. பிறகு மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், பெரிய மனிதர்களின் முட்டிக்காகக் காத்திருந்தது. பெரிய மனிதர் ஒருவர் வந்தபோது எடுத்துப் பார்த்தார்கள், உறிஞ்சவில்லை. ரிப்பேர் என்று சீட்டு ஒட்டி மறுபடியும் உறையைப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் ஜெயசித்ரா அதை இறக்கினாள். உறையைக் கழற்றினாள். பம்பின் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. ட்ரில், சுத்தியல், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். அது அவளுடைய இலாகா. எந்தக் கருவிக்கும் பொட்டு நடு நெற்றியில் அமைய வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பானவள். இந்தப் பம்புக்கு நடு நெற்றி என்று தெரிந்த இடத்தில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது. காற்று வெளியே போகிற துவாரம். அதில்தான் சந்தனம் கச்சிதமாக உட்கார்ந்து, காய்ந்து, கல்லாகியிருந்தது.

ஜெயசித்ரா சுற்றுமுற்றும் பார்த்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்தாள். சந்தனம் ஒரே கட்டியாக வந்தது. கீழே போட மனசு வராமல் நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டாள். வடிகட்டியைப் புதிதாக மாற்றி ஓடவிட்டாள். முள் ஏறிப் பச்சையில் நின்றது. ரிப்பேர் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மெஷின் தானாகச் சரியானது என்பதுதான் இன்றுவரை மருத்துவமனையின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு.

புதன்கிழமை. காசம்மாளுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். இடுப்புக்கு மேலே, குறிப்பாக வாய், முழு விழிப்பில் இருந்தது. நடுவே பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காசம்மாள் தன் நாத்தனார் முட்டி முதல் கரும்பு ஆலை வரை எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடது முட்டி தயாரானது. ஜெயசித்ரா குழாயை மூடினாள், பம்பைத் தட்டினாள், பிடியை ஏற்றி இறக்கினாள். முகமூடிக்குள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சிமெண்ட் போயிற்று, முட்டி உட்கார்ந்தது, எல்லோரும் அது இறுகக் காத்திருந்தார்கள்.

"இன்னா டாக்டரே, சிமெண்ட்டு எப்பப் போடுவ?" என்றது திரை.

"போட்டாச்சும்மா."

"யாருக்குப் போட்ட? என் நாத்தனாருக்குப் போட்டப்ப நாத்தம் கொடலப் புடுங்கிச்சாம். மூணு நாளு மூக்குலயே நின்னுச்சாம். எனக்கு ஒண்ணும் வரலையே?"

"இது புது மெஷின். வாசனை வராது."

"வாசன இல்லாத கருவாடு உண்டா? அவளுக்கு நல்ல சிமெண்ட்டு, எனக்கு இன்னாத்தப் பூசின, சுண்ணாம்பா?"

மிச்சமிருந்த சிமெண்ட் உருண்டை இறுகிச் சூடாக இருந்தது. தணிகைவேல் அதைக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினான். "சாக்பீஸக் காட்டி ஏமாத்தாதடா" என்றாள் காசம்மாள். அத்துடன் நிற்கவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கிற தன் மகன்களுக்கும், அவர்கள் ஏறிவந்த வேனில் மீதமிருப்போருக்கும் சேதி போக வேண்டும் என்றும், இரத்த அழுத்தம் காட்டுகிற மெஷினே பயப்படுகிற குரலில் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் தெய்வநாயகம் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான எலும்பை வளைத்தவர். காசம்மாளை வளைக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சிஸ்டர், அடுத்த முட்டிக்குப் பழையபடி கிண்ணத்துலயே கலந்துடுங்க. நல்லா வாசனை வரட்டும்."

ஜெயசித்ரா கையில் குப்பி. கிண்ணம் எதிரே. கதவு பத்தடி தூரத்தில். கோகிலாம்பாள் வில்லியனூர்க் கோயிலில். தையலம்மாள் செல்லிப்பட்டில். திரைக்குப் பின்னால் காசம்மாள்.

"கிண்ணத்துல கலக்க மாட்டேன் டாக்டர்."

"ஏன், மறுபடியும் லென்ஸா?"

"லென்ஸெல்லாம் இல்ல. நான் போட்டதே இல்ல." குப்பியை மேஜையில் வைத்தாள். "முழுவாம இருக்கேன்."

முதலில் பேசியது திரைதான்.

"யாரு, தையலம்மா மருமவளா? அடிப்பாவி மவளே, அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஏன் டாக்டரே, வாயும் வயிறுமா இருக்கிற பொண்ண நிக்க வெச்சிக்கினா அந்தக் கருமத்தக் கலக்கச் சொல்ற?"

"நீங்கதானேம்மா நாத்தம் வரலன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். மயக்கத்துல கெடக்குறவ பேச்சக் கேட்டுக்கினு நடப்பியா?"

"உங்களுக்கு மயக்கமே குடுக்கலம்மா."

"அது உன் தப்பு. நாத்தமில்லாத சிமெண்ட்டயே போடு. நீ வெளிய போடி, சித்ரா."

ஜெயசித்ரா வெளியே போனாள். கதவு வரை நடந்த அந்தப் பத்தடியை அவள் அவசரமில்லாமல் நடந்தாள் என்று தணிகைவேல் பிறகு பலரிடம் சொன்னான். கையைக் கழுவிக்கொண்டு சுவேதா அவள் இடத்தில் வந்து நின்றாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முகமூடி கட்டி, மாப்பிள்ளைக் களை கலையாமல், தணிகைவேல் மூடிய குழாயில் கலக்கினான். இனி எல்லா முட்டிக்கும் மெஷின்தான் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். காசம்மாள் அனுமதி கொடுத்த பிறகு அவர் தயங்கக் காரணமில்லை.

ஜெயசித்ரா ஏறிய பஸ் செல்லிப்பட்டை அடைவதற்கு முன்பே சேதி அடைந்துவிட்டது. காசம்மாளுக்கு இரண்டு காலும் மரத்திருந்தாலும் மகன்களிடம் போன் இருந்தது. தையலம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி பேரு இருந்தாங்க உள்ள?"

சொன்னாள்.

"மொகம் மூடியிருந்துதா?"

"மூக்கு வாயெல்லாம் மூடித்தான் இருந்துச்சி அத்த."

"நான் கேக்குறது கண்ண."

ஜெயசித்ராவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "எல்லாரும் கண்ணாடி போட்டிருந்தாங்க அத்த. ரத்தம் தெறிக்காம இருக்க, பெரிய கண்ணாடி. பக்கவாட்டுலகூட மறைக்கும்."

தையலம்மாள் இதை யோசித்தாள். கண்ணாடியைத் தாண்டிக் கண் படுமா என்பது பற்றி முன்னோர் எதுவும் சொல்லி வைக்கவில்லை. "காசம்மா?"

"அவங்க திரைக்கு அந்தாண்ட."

"அப்ப எல்லாருக்கும் மறைப்பு இருந்துச்சி."

"தணிகைவேலு மட்டும் கண்ணாடிய நெத்தியில ஏத்தி வுட்டிருந்தான்."

"அதானே பாத்தேன்" என்று தையலம்மாள் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்தாள். மருமகளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"அடுப்புல போடாதீங்க அத்த. பொகை ஆவாது எனக்கு. வெளிய கொண்டுபோய் கொளுத்துங்க."

தையலம்மாள் ரோட்டோரமாகப் போய்க் கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டாள். ஜெயசித்ரா கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை வெளிப்புறம் பார்க்கத் திருப்பிவைத்தாள். சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே மாமியார் குரல் கேட்டது, இருமலோடு.

"உள்ள நெடி வருதா?"

"துளிகூட வரல அத்த."

"பாத்தியா? மொளகா எரிஞ்சும் நெடி வரலன்னா அம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு. எல்லாம் போச்சு இப்ப."

ஜெயசித்ரா ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின நாளோடு அவள் பிரசவ லீவில் போனாள். போகிற போக்கில், மேஜை விளிம்பில் வயிறு இடிக்க எட்டி நின்று, பம்புக்கு மட்டும் தன் கையாலேயே பொட்டு வைத்துவிட்டுப் போனாள். நடு நெற்றியில் அல்ல. கொஞ்சம் தள்ளி, காது இருக்க வேண்டிய இடத்தில்.