சரோஜாவுக்குச் செய்த கால்

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், செயற்கைக் கால் செய்யும் பிரிவில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று சரோஜாவைப் பற்றி எழுதுகிறேன்.

1. ஆம்பளைங்க வார்டு

சரோஜா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். புருசனோடு மொபெட்டில் போகும்போது லாரி மோதிவிட்டது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஸ்டம்புக்கு, அதாவது மிச்சமிருக்கும் காலுக்கு, பேண்டேஜ் சுத்தப் பழக்க வேண்டும். அதற்காகத்தான் அவருடைய அண்ணன் வீல்சேரில் வைத்து என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

நான் பேண்டேஜைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சரோஜா கேட்டார்:

"ஏனுங்க சார், ஆம்பளைங்க வார்டு எந்தப் பக்கமுங்க? என்ற ஊட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. போற வழியில ஒருக்கா பாத்துட்டுப் போயிரலாம்னு."

"பேரு என்னம்மா?" என்று நிமிர்ந்தேன். வீல்சேருக்குப் பின்னால் நின்ற அண்ணன், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சரோஜா திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"எப்பண்ணா?"

"அன்னைக்கே சாமி. ரோட்டுலயே."

"எடுத்தாச்சா?"

அண்ணன் தலையை ஆட்டினார். காரியம் எல்லாம் முடிந்து, சாம்பலைக் காவிரியில் கரைத்தாகிவிட்டது. இவர் அப்போது மயக்கத்தில் ஐசியூவில் கிடந்திருக்கிறார். கண் விழித்த பிறகு சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

கத்தி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பேண்டேஜை வாங்க என்னிடம் கையை நீட்டினார்.

"எப்படிச் சுத்தறதுன்னு காட்டுங்க சார்."

சுத்தச் சுத்த பேண்டேஜ் அவிழ்ந்து விழுந்தது. மறுபடி எடுத்துச் சுத்தினார். நான் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

2. நடந்து எங்க போறது?

புண் ஆறியதும் அண்ணன் அளவு எடுக்கக் கூட்டிவந்தார். சரோஜா காலை நீட்டவே இல்லை.

"எனக்குக் காலு வேண்டாங்க சார். ஊட்டுல உக்காந்து தார் சுத்தறேன், சோத்துக்கு ஆகுது. நடந்து நான் எங்க போறது?"

தார் சுத்துவது என்றால் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது. அண்ணன் கெஞ்சினார். நானும் சொல்லிப் பார்த்தேன். இப்படி எத்தனையோ பேரிடம் பேசிய பேச்சுதான். நம்பிக்கையா இரும்மா, எல்லாம் சரியாயிடும் என்று. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இல்லாத காலு அரிக்குதுங்க. சொறியலாம்னு கையக் கொண்டு போனா அங்க ஒண்ணுமில்ல. அது எப்ப சார் சரியாகும்?"

சில பேருக்குப் போகும், சில பேருக்குப் போகாது என்று உள்ளதைச் சொன்னேன். "என்ற ஊட்டுக்காரரும் அப்படித்தானுங்க, போயும் போகல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தடவை வந்தபோது அண்ணன் இல்லை. அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு, பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். அக்குளில் தோல் உரிந்திருந்தது.

"அளவெடுங்க சார். அவருக்கு வருசத் திதி வருது. அண்ணன் ஆத்துக்குத் தூக்கிட்டுப் போறேங்குது. அவரக் கடைசியா எடுத்துட்டுப் போனப்பத்தான் நான் போகல. இதுக்காச்சும் நானா போகோணும்."

மாவுக்கட்டில் காலை அச்சு எடுத்து, ஸ்டம்ப் உட்காரும் கூடான சாக்கெட்டைச் செய்து, ரப்பர் பாதம் மாட்டினேன். பிடித்து நடக்கும் கம்பிகளான பாரலல் பாருக்கு நடுவில் நிறுத்தியதும் முதலில் குனிந்து இரண்டு பாதத்தையும் பார்த்தார். நடக்க ஆரம்பித்தார். சாக்கெட் உரசி ஸ்டம்பில் கொப்புளம் கண்டது. ஒரு நாள், ஸ்டம்பில் மாட்டும் உறையான லைனரைக் கழற்றினால் ரத்தம். "ஒரு வாரம் போட வேண்டாம்மா" என்றேன். "திதி தள்ளிப் போகாதுங்களே சார்" என்றார். சாக்கெட்டை உள்ளே தேய்த்து, கால் நிற்கும் சாய்வை மாற்றிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறி இறங்கப் பழகினார். படியில் விழுந்தபோது தூக்கப் போன என்னை, கையைக் காட்டி நிறுத்தினார்.

3. படித்துறை

திதிக்கு என்னையும் வரச் சொன்னார். "விழுந்தாப் புடிக்கிறதுக்கு இல்லீங்க சார். காலு பழுதாச்சுன்னாப் பாக்கறதுக்கு." அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலையில் போய்ச் சேர்ந்தேன். வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் அவரே நடந்தார். மெதுவாகத்தான். தெருவில் ஆட்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அண்ணன் கூடவே கையை ஏந்தின மாதிரி நடந்து வந்தார். சரோஜாவின் கொழுந்தனார் படியில் உட்கார்ந்து திதி கொடுத்தார். சரோஜா கையில் பூவோடு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. பாசி வேறு. அங்கேதான் நான் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அம்மா, அதுக்கு மேல வேண்டாம். பாதத்துக்குள்ள மரக்கட்டை இருக்கு, தண்ணி போனா ஊதிப் போயிடும். அங்கிருந்தே போட்டுடு."

"நான் தூக்கிக்கிறேன் சாமி" என்று அண்ணன் இறங்கினார்.

சரோஜா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். சேலையை ஒதுக்கி, பட்டையை அவிழ்த்து, காலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"புடிச்சுக்குங்க சார்."

பூவை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து தண்ணீருக்குள் போனார். இடுப்பு வரைக்கும் நனைந்தார். மடியிலிருந்த பூவை விட்டார். அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அழுதார். ஊரே கேட்கிற மாதிரி, புருசன் பேரைச் சொல்லி. ஓராண்டு அழுகை. கிட்டே போக எங்களுக்குத் தைரியம் இல்லை. காலை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அழுது முடித்ததும் போனது மாதிரியே கையை ஊன்றி மேலே வந்தார். ஈரத்தில் சாக்கெட் போடக் கூடாது. ஸ்டம்பைத் துடைத்து வெயிலில் காயவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "காலக் குடுங்க சார், ஊட்டுக்குப் போயி சோறாக்கோணும், எல்லாரும் பசியா இருப்பாங்க" என்றார்.

இந்த வேலையில் நாம் எழுந்து நிற்பதையும் நடப்பதையும்தான் அளக்கிறோம். யாராவது நடந்துவிட்டால் மனசு தேறிவிட்டது என்று எழுதிக்கொள்கிறோம். சரோஜாவின் மனசு தேறியதா என்று எனக்குத் தெரியாது. கால் இன்னும் அரிக்கிறதாம். ஆனால் நிற்க முடியாத இடத்தில் உட்கார்ந்தாவது போக அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. உங்களிடம் யாராவது வந்தால், அளவெடுப்பதற்கு முன்னால் எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருங்கள்.