அண்ணன் பெயரில் ஏறிய என் வருடங்கள்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன், சகோதர சகோதரிகளே. ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அதை ஒளித்துவிட்டுப் பேசினால் இது சாட்சியே இல்லை.

இந்த ஜெர்மனியில், கொலோனுக்கு வெளியே வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. கார் இல்லாமல் விடியமுன் அந்தக் கிராமங்களுக்குப் போக முடியாது. கார் வாங்கியபோது காப்புறுதியை, அதுதான் இன்சூரன்ஸை, என் அண்ணனின் பெயரில் போட்டோம். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதானே? புதிதாக ஓட்டுகிறவர்களிடம் யானை விலை கேட்பார்கள். பழையவர் பெயரில் போட்டால் குறையும். பனியிலும் மழையிலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியது நான். விபத்தில்லாமல் ஓட்டும் ஒவ்வொரு வருடத்துக்கும் காப்புறுதிக் கட்டணம் குறைந்துகொண்டு போகும். அந்த வருடங்கள் ஏறிக்கொண்டிருந்தது அண்ணன் பெயரில். அது என் மண்டையில் ஏறவில்லை.

போன மார்கழியில் அண்ணனின் மகன் கார் வாங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் அந்த வருடங்களை அவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அதிலும், அவன் லைசென்ஸ் எடுத்த காலத்துக்கு மேல் அவனுக்குச் சேராதாம். மிச்சமெல்லாம் ஒருவருக்கும் உதவாமல் அழிந்துபோனது.

போனில் கேட்டேன்.

"நான்தானே அண்ணை இவ்வளவு காலமும் ஓடினது?"

"ஓம், ஆனா பேர் என்ரதானே தங்கச்சி. நீ வேற காப்புறுதி எடன்."

எடனாம்! எந்தக் காப்புறுதி நிறுவனத்தில் கேட்டாலும் என்னை நேற்று லைசென்ஸ் எடுத்தவளாகவே பார்த்தார்கள். அவர்கள் கேட்டதை என்னால் கட்ட முடியாது. காரை ஓட்டாமல் நிறுத்திவைத்தேன். மாத முடிவுக்குள் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "என்ர வருசங்களை நீராவது பாத்தனீரா?" என்று கத்தினேன்.

கீழ்வீட்டில் ஹெர் பவுமன் என்றொரு ஜெர்மன் முதியவர். கண் மங்கிய நாளிலிருந்து அவரை அவருடைய காரிலேயே வைத்தியரிடமும் கடைக்கும் கூட்டிப்போவது நான்தான். சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டினார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். "நான் இனி ஓட்டப்போவதில்லை. என் வருடங்களை நீங்கள் எடுங்கள்" என்றார். அந்தக் காரை வழக்கமாக ஓட்டியவர் என்றால், உறவினர் இல்லாவிட்டாலும் அவருடைய காப்புறுதி நிறுவனம் மாற்றிக் கொடுக்குமாம். கொடுத்தது. எந்தச் சபைக்கும் போகாத மனிதர் அவர்!

இன்று காரும் காப்புறுதியும் என் பெயரில். வேலையும் நிலைத்தது. அழுதுகொண்டிருப்பவர்களே, ஆண்டவரிடம் சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவர் கோபிக்கமாட்டார். மனிதரை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

அண்ணன் முன்வரிசையில்தான் இருக்கிறார். சற்றுமுன் எல்லோரையும்விடப் பலமாக அல்லேலூயா சொன்னவரும் அவர்தான். அண்ணை, உங்களை நான் மன்னிக்கவேணும் என்றும் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.