புகையில்லாத நெருப்பு

ஈரக் கவாத்து விறகு எரியும்போது ஒரு கசப்பு வாசம் வரும். தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த கிளைகள்தான் எங்களுக்கு விறகு. அதன் புகை கண்ணை எரித்து, தொண்டையைக் கரகரக்க வைத்து, பள்ளிச் சீருடையிலும் ஏறிக்கொண்டு வகுப்பு வரை கூடவே வரும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய "லைன் வீட்டில்" பத்து வயது வரை அந்தப் புகைக்குள்தான் வளர்ந்தேன். இன்றும் எங்காவது அது வீசினால் என்னை அறியாமல் அம்மாவைத் தேடுகிறேன்.

அம்மா கொழுந்து பறிப்பவள். இருமத் தொடங்கினால் கூடை குலுங்கும். "இந்தம்மா இனிமே புகை பக்கமே போகக் கூடாது" என்று டவுன் டாக்டர் சொன்னதைத் தேயிலை ஆலையில் வேலை பார்த்த அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே எங்களைப் பஸ் ஏற்றிக் கம்போங் ராஜா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார்.

சாமான் கடைச் சீன முதலாளியை எல்லோரும் "தவுக்கே" என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், தலையில் கட்டத் தெரியாதவர். "வீட்டுல எத்தனை ஆளு? மூணா? சின்ன ரைஸ் குக்கர் போதும் லா, பெருசு வேஸ்ட். அடுப்பு ரெண்டு வாய் எடுத்துக்க" என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொடுத்தார். ஐஸ் பெட்டி வேண்டுமா என்று கேட்டதற்கு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "நாங்களே ஐஸ் பெட்டிக்குள்ளதான் குடியிருக்கோம் தவுக்கே, எங்களுக்கு எதுக்கு இன்னொன்னு?" கடையே சிரித்தது. அந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதை அவள் அப்போதே சொல்லிவிட்டாள். எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை.

அன்று மாலையே அப்பா மண் அடுப்பைக் கடப்பாரையால் இடித்து, அந்த இடத்தைச் சிமெண்ட் பூசி மெழுகிவிட்டு, கேஸ் அடுப்பை வைத்தார். சில வாரங்களில் அம்மாவின் இருமல் தணிந்தது. நீலச் சுடரைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள்; எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டுக் கடைசியில் மழைக்காலம் இறங்கிய பிறகுதான் அந்த மண் அடுப்பு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. தோசை மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை, துவைத்த துணி கொடியிலேயே நாறியது, சுவரில் தண்ணீர் வழிந்தது, முன்பு அடுப்பை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்த நாங்கள் மூவரும் இப்போது கால்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு கிடந்தோம். "அது சோறு மட்டுமா பொங்குச்சு?" என்றாள் அம்மா.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கியா பார்ம் சந்தையில் சாத்தே இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடுகிற கடையிலிருந்து ஒரு மூட்டை கரி வாங்கிவந்தார். பழைய இரும்புச் சட்டியில் அதை வாசலில் வைத்துப் பற்றவைத்து, கடைசிப் புகையும் அடங்கிச் சாம்பல் பூக்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகே உள்ளே தூக்கிவருவார். டாக்டர் சொன்னதை அவ்வளவு கருத்தாகக் காப்பாற்றினார். "நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க பாரு, புகையே இல்லாத நெருப்பு" என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினார்.

அடுப்படிக் கதவு திறந்தே கிடந்ததால் முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் காலை அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா அவளை உள் அறையில் படுக்கவைத்து, கட்டிலருகே கரிச் சட்டியை வைத்து, ஜன்னல் இடுக்குகளில் கோணியைத் திணித்தார். "நல்லா தூங்கு புள்ள, வந்து கஞ்சி வைக்கிறேன்" என்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனார்; நான் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது லைன் மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. அப்பாதான் கதவைத் திறந்திருக்கிறார். அம்மாவின் முகத்தில் இருமிய களைப்புகூட இல்லை.

மூடிய அறையில் கரி நெருப்பு விடும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவுக்கு அது ஏறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் பிடித்து, "புகையே இல்லையே? நான் பார்த்துத்தானே வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்டாட்டிய முழுங்குனவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிய உறவுக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அந்த லைன் வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மண் அடுப்பு எங்கும் இல்லை, கவாத்துக் கிளைகள் செடியடியிலேயே மட்குகின்றன. நான் அதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் பூத்தோட்டக்காரரைக் கட்டிக்கொண்டு வாழ்கிறேன். அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். இப்போது அவருக்கும் இருமல்.

போன வாரம் அவர் அறைக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்கக் கம்போங் ராஜா போனேன். கடைப் பையன் கெட்டிக்காரன், தேவையைத்தான் முதலில் கேட்டான். "ரூம் எவ்வளவு பெருசு அக்கா? ஜன்னல் எல்லாம் மூடித்தானே இருக்கும்?"

எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்றே அப்பா தன் அறை ஜன்னல் கதவுகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். சாரல் கட்டில் வரை அடிக்கிறது. எவ்வளவு சண்டை போட்டும் மாட்ட விடவில்லை.

ஹீட்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இன்னொரு கம்பளி வாங்கிக்கொண்டு வந்தேன்.