கட்டுப் பிரிக்காத புத்தகங்கள்

வேங்கிக்காலில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்கள் வருடந்தோறும் அங்கே வரும். கட்டுப் பிரிக்காமலே ஸ்டோர் ரூமுக்குப் போகும். பதினொன்றில் சேர்ந்த முதல் நாளே பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட்டால் பொதுத்தேர்வில் மதிப்பெண் கொட்டும், நுழைவுத்தேர்விலும் தேறலாம், இன்ஜினியரிங் சீட் உறுதி. இதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

அங்கே இயற்பியல் ஆசிரியை ஜோதியம்மாள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தின் முதல் எம்.எஸ்சி. கோபம் சீக்கிரம் வரும், மறைக்கத் தெரியாது. 2001 ஜூனில் அவரே கட்டை அவிழ்த்துப் புத்தகங்களைக் கொடுத்து, விசையிலிருந்து தொடங்கினார்.

பெற்றோர் கூட்டத்தில் அரிசி மண்டி அப்பாதுரை எழுந்தார்.

"இன்னா டீச்சர், பரீட்சைக்கு வராத புக்கை நடத்துறீங்களாமே. எம் பையன் சுரேஷ்குமாருக்கு டைம் ஜாஸ்தியா கெடக்குதா?"

"அவன் இன்ஜினியர் ஆவணுமா வேணாமாங்க?"

"மொதல்ல சீட்டு வாங்கட்டும். அப்பறம் ஆவட்டும்."

கூட்டம் சிரித்தது. தாளாளர் ராமதாஸ் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து பன்னெண்டாவது புக்கு. இல்லன்னா ஆறாங்கிளாசுக்குப் போயிடுங்க" என்றார்.

ஜோதியம்மாள் ஆறாம் வகுப்புக்குப் போனார். புத்தகங்கள் மறுபடி கட்டுக்குள் போயின.

ராமதாஸின் கணக்கு பலித்தது, அதுதான் அசிங்கம். இரண்டு வருடம் கழித்து சுரேஷ்குமாருக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பள்ளி வாசலில் அவன் படம் போட்ட பேனர் காற்றில் கிழியும்வரை தொங்கியது. பலிக்கிற பொய்யை இந்த ஊர் பொய் என்று சொல்வதில்லை.

அடுத்த வருடம் அப்பாதுரை மகனை அழைத்துக்கொண்டு ஜோதியம்மாள் வீட்டு வாசலில் நின்றார். முதல் வருட மெக்கானிக்ஸில் அரியர். விசையைப் பிரித்து எழுதச் சொன்னால் பையனுக்குக் கை ஓடவில்லை.

"அந்தப் பதினொண்ணாவது புக்குல இருக்குதாமே. மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க டீச்சர்."

"குடுக்கிறேன். இதை அங்க பெத்தவங்க கூட்டத்துல வந்து சொல்றீங்களா?"

அப்பாதுரை தன் செருப்பைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குங்க. சின்னவ நந்தினி இப்ப அங்கதான் பதினொண்ணு படிக்கிறா."

"அப்ப அவளையும் அனுப்புங்க."

"அவளுக்கு ஏதுங்க டைம்? பன்னெண்டாவது பாடம் ஓடிக்கிட்டிருக்குது."

ஜோதியம்மாள் சுரேஷ்குமாரை மட்டும் உள்ளே விட்டு, அப்பாதுரையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.