புகையில்லாத கரி

எங்கள் அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வெண்டைக்காய் வாங்கப் போனால்கூட ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குவார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு பார்பெக்யூ அடுப்பு கிடைத்தால் சும்மா இருப்பாரா? ஆபீஸ் நண்பர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு தகரப் பெட்டி, மடக்குக் கால்கள் நான்கு, மேலே கம்பி வலை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

தம்பி பிறந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். பச்சைப் பிள்ளைக்குக் காற்று படக் கூடாது என்று வந்த அன்றைக்கே அம்மாவின் அறையைச் சாத்தினாள். ஜனவரிக் குளிரைப் பார்த்ததும் கதவுக்கு அடியில் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்து அடைத்தாள். அதுவரை அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்கிய நான் கூடத்து சோபாவுக்கு மாறினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்.

அப்பாவின் கவலையெல்லாம் கரியில் இருந்தது. பால்கனியில் புகை கிளம்பினால் மேல்மாடிக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். ஆகவே புகையே வராத கரி வேண்டும். கீழே மரத்தடியில் இஸ்திரி போடும் பையாவிடம் யோசனை கேட்டார். அப்பாவின் ஹிந்தி ஃபைலுக்கு மட்டும்தான் போதும் என்பதால் நடுவில் நின்று நான் தமிழாக்கிச் சொன்னேன். இரண்டு துண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் ஈரம். உடைத்தால் உள்ளே கருப்பாக மினுங்க வேண்டும், பழுப்பு தெரிந்தால் மரம் சரியாகக் கரியாகவில்லை, அது புகையும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் தின்பதெல்லாம் நாறும்.

அப்பா கரிக்கடையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் காதருகே தட்டிப் பார்த்தார். கடைக்காரர் நாலு தடவை "பாபுஜி, ஜல்தி" என்றார். அப்பா அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் இறங்கிய பனிமூட்டம் அப்போதும் விலகவில்லை. பெரியம்மா கொடுத்த தேங்காய்ச் சிரட்டையை உடைத்து அடியில் போட்டு, மேலே சின்னக் கரி, அதற்கு மேல் பெரிய கரி என்று அடுக்கி, நடுவில் இரண்டு கற்பூரம் வைத்து அப்பா பற்றவைத்தார். அட்டையால் விசிறினார். முதலில் சிரட்டை புகைந்தது. மேல் வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டதும் விசிறிய கை அப்படியே நின்றது. நல்லவேளை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புகை அடங்கி, கரி மேலெல்லாம் வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே செக்கச்செவேலென்று கனன்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுட்டுத் தின்றோம். தின்று முடித்த பிறகும் கரி எரிந்துகொண்டிருந்தது.

புகை இருந்திருந்தால் யாராவது இருமியிருப்போம், கண் எரிந்திருக்கும். எரிகிற கரியிலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு ஒன்று வருகிறது, மூடிய அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெரியம்மா ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சாம்பிராணி போட்டவள். அங்கே தூபக்காலில் இரண்டு கங்கு. ஓட்டு வீடு, பார்க்கிற இடமெல்லாம் சந்து. இங்கே அவள் பார்த்தது ஒரு பெட்டி நிறையக் கங்கு.

"கங்கு நல்லா இருக்கே. அப்படியே தூக்கி உள்ள வச்சிருங்க. பிள்ளைக்குச் சாம்பிராணியும் போட்டாப்ல ஆச்சு, ரூமும் சூடாயிரும்லா" என்றாள்.

தன் கரிக்குக் கிடைத்த மரியாதையில் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழந்துணியைச் சுற்றிப் பிடித்து அவரே அடுப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தார். குளிப்பாட்டிய தம்பியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி, அம்மா பக்கத்தில் கிடத்திவிட்டுப் பெரியம்மா வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். சேலையை இடுக்கில் திணித்தாள்.

"ஏட்டி, ரெண்டு பேரும் உறங்குதாவ. கதவத் தொறந்த, தோல உரிச்சிருவேன்."

அம்மாவுக்காக ஒரு சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவி எடுத்து வைத்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். அரைமணிக்கு ஒரு தரம் கத்தி ஊரையே கூட்டுகிற தம்பி அன்று அழவே இல்லை. சாம்பிராணி போட்ட சுகம் என்று பெரியம்மா சமையலறையிலிருந்து மெச்சிக்கொண்டாள். சோளம் ஆறிப்போய்விட்டது. கதவில் வாயை வைத்து அம்மா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். தட்டினேன். அவனை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், என் குரல் கேட்டும் வாய் திறக்கவில்லை என்று நினைத்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதலில் போய்ப் பால்கனிக் கதவை அகலத் திறந்தேன். குளிர் உள்ளே பாய்ந்தது. பிறகு சேலையை உருவி எறிந்துவிட்டு அம்மாவின் அறையைத் திறந்தேன். அதுவும் போதாதென்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் ஜன்னலையும் திறந்துவிட்டேன். அவனுக்கு நன்றாகச் சளி பிடிக்கட்டும் என்றுதான் திறந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படியேதான் நினைத்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியம்மா முதலில் ஜன்னலைப் பார்த்தாள், அடுத்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். அதற்குப் பிறகுதான் தம்பியைத் தூக்கினாள். அவன் தலை அவள் கையில் தொங்கியது.

"பிள்ள கண்ணு முழிக்கல" என்றாள். அவள் குரலில் சத்தமே இல்லை.

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். சண்டைக்கு வருவார் என்று அப்பா பயந்த மேல்மாடிக்காரர்தான் காரை எடுத்தார். முன் சீட்டில் அப்பா தம்பியை வைத்திருந்தார், பின் சீட்டில் அம்மா பெரியம்மா மடியில் சாய்ந்து கிடந்தாள், நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று பட்டுத்தான் தம்பிக்கு இப்படி ஆகிவிட்டது. நான் திறந்த காற்று. இவன் பிழைத்தால் போதும், சோபாவிலேயே படுத்துக்கொள்கிறேன், அம்மா பக்கத்தில் போகவே மாட்டேன் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் உள்ளே கொண்டுபோய் மூக்கில் குழாய் வைத்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு அழுகை கேட்டது. முதலில் மெலிதாக, பிறகு வீட்டில் அழுவது போலவே. அப்பா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வெளியே வந்தார். என்ன நடந்தது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா திக்கித் திக்கி ஹிந்தியில் கரி, அடுப்பு, அறை என்று சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் மாறியது. எவ்வளவு நேரம் மூடியிருந்தது, யார் திறந்தது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார்.

டாக்டர் என் முன்னால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"மாஃப் கர் தோ, அங்கிள்" என்று மன்னிப்புக் கேட்டேன். தம்பிக்குச் சளி பிடிக்கட்டும் என்றுதான் திறந்தேன், இனி ஒருநாளும் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டேன், சத்தியம் என்று தலையில் கை வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பேசவும் முடியாத அளவுக்கு என் மேல் கோபம் என்று நினைத்து, அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.