ஆடிக்கு அனுப்ப மறுத்தவர்

மழையில் நெல் படுத்துவிட்டால் திருவையாறு பக்கத்து விவசாயிகள் முதலில் தேடுவது என் வீட்டுக்காரர் முருகையனைத்தான். பெல்ட் போட்ட அறுவடை வண்டி ஓட்டுகிறார். படுத்த பயிரில் அவர் அவசரப்பட மாட்டார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தாலே நிறுத்திவிடுவார். உள்ளே போன கதிர் அடிபட்டு, சத்தம் பழையபடி ஆன பிறகுதான் நகருவார். வரப்பில் நிற்பவர்கள், "என்ன முருகையா, வண்டியிலயே தூங்கிட்டியா?" என்று கிண்டல் செய்வார்கள். அறுத்து முடித்த வயலில் ஒரு கதிர்கூட விடுபடாததைப் பார்த்த பிறகு அடுத்த அறுப்புக்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

இதை எழுதச் சொன்னவரும் அவரேதான். எங்களுக்கு நடந்ததை யாராவது முன்பே எழுதி, தான் படித்திருந்தால் அத்தனை மாதம் வீணாகியிருக்காது என்கிறார்.

வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். வயலில் அவ்வளவு நிதானமானவருக்கு அறைக்குள் நிதானம் இல்லை. சேர்ந்த உடனேயே அவருக்கு முடிந்துவிடும். சில நாள் சேர்வதற்கு முன்பே. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதற்கு ஒரு பெயர் உண்டு என்றுகூட எனக்குத் தெரியாது. என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறக்கும் முன் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் பக்க வழக்கம். பாபநாசத்திலிருந்து அப்பா சீர்த் தட்டோடு வந்தார். அவர் காபியை முடிப்பதற்குள் என் பையை ஆட்டோவில் வைத்துவிட்டார் இவர்.

ஆடி முடிந்தது. ஆவணி, புரட்டாசியும் போயின. இவர் என்னை அழைத்துப்போக வரவில்லை. கேட்டால் குறுவை அறுப்பு என்றார். மாமியார் நீலாம்பாள் போன் செய்து, மகன் மனம் வெறுக்கும்படி நான் என்ன செய்தேன் என்று கேட்டார். தலைதீபாவளிக்கும் வராவிட்டால் பஞ்சாயத்து வைத்துக் கல்யாணத்தை அத்துவிடுவது என்று என் அண்ணன் அமிர்தலிங்கம் சொல்லிவிட்டார்.

அதற்கு முன் ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன். அவர் அறுத்துக்கொண்டிருந்த வயலின் வரப்பில் போய் நின்றேன். மழையில் படுத்த நெல். நிறுத்தி, காத்திருந்து, மறுபடி நகர்த்தி அறுத்தார். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒடம்புல சத்து இல்ல வானதி. ஒங்கப்பாகிட்டச் சொல்லி வேற எடம் பாக்கச் சொல்லு."

யார் சொன்னது என்று கேட்டேன். லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவராம். சின்ன வயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று லேகியம் கொடுத்திருக்கிறார். டப்பா வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. ஆடியைச் சாக்காக வைத்து என்னை அனுப்பிவிட்டு, அதைத் தின்று சரியான பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று இவர் இருந்திருக்கிறார், சரியாகவில்லை. என்மேல் வெறுப்பில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. தஞ்சாவூரில் படித்த டாக்டரைப் பார்ப்போம், நானும் உள்ளே வருகிறேன் என்றேன்.

டாக்டர் அப்துல் ரஹ்மான் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. விந்து முந்துதல் என்று அதற்குப் பெயர் சொன்னார். நிறைய ஆண்களுக்கு இருப்பதுதான், சத்துக் குறைவும் இல்லை, பழைய பழக்கத்துக்குத் தண்டனையும் இல்லை, பயப்படப் பயப்பட இன்னும் முந்தும் என்றார். ரத்தம் பரிசோதித்தார். கொஞ்ச காலத்துக்கு மாத்திரை எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி சொன்னார். அதோடு நாங்கள் இருவரும் சேர்ந்து பழக வேண்டியது ஒன்று: முந்தப்போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், வேகம் அடங்கிய பிறகு மறுபடி தொடங்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் இவர் கவலையோடு, "எப்ப நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"வண்டிச் சத்தம் கனக்குறது ஒங்களுக்குத் தெரியுதுல்லங்க?" என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தலைதீபாவளிக்கு வந்து, என்னைக் கையோடு அழைத்துப்போனார். லேகியம் குப்பைக்குப் போனது. நடுவில் பழையபடி ஆன நாட்களும் உண்டு. சுவர்ப் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. பொங்கல் வாக்கில் எங்கள் இருவருக்கும் பயம் விட்டுப்போனது. பிறகு மாத்திரையையும் டாக்டரே குறைத்து நிறுத்தினார்.

அடுத்த ஆடியில் பதினெட்டாம் பெருக்குக்கு என்னை அழைக்க அப்பா வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார்.

"காபி குடிங்க மாமா. தனியா மட்டும் அனுப்ப மாட்டேன். ரெண்டு பேரும் வர்றோம், ரெண்டு பேரும் திரும்புறோம்" என்றார் இவர்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "போன ஆடிக்குப் பையத் தூக்கி ஆட்டோவுல வச்சவன் பேசுற பேச்சப் பாருங்க சம்பந்தி."

"அது போன ஆடிம்மா."

பெருக்கன்று காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அத்துவிடச் சொன்ன அண்ணனே புது மஞ்சள் கயிறு வாங்கி வந்திருந்தார். வழக்கமாகப் பெண்கள்தான் கட்டிவிடுவார்கள். இவர் அதை வாங்கி, படித்துறையில் எல்லோரும் பார்க்க என் கழுத்தில் தானே முடிந்தார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, நிதானமாக முடிந்தார்.